தியானத்தில் ஒடுங்குவது எது? – அஹங்காரமும் அஹமர்த்தமும்

அவதாரிகை

தியானத்தில் அமர்ந்தவனுடைய மூளையில் நிகழ்வதைக் கருவிகளால் பதிவு செய்து ஆராய்வது சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதி தொடங்கி நடந்து வருகிறது. அவ்வாராய்ச்சிகளின் முடிவுகள் இப்போது செய்தித்தாள்கள் வாயிலாகவும் உபந்யாஸங்கள் வாயிலாகவும் ஆஸ்திகர்களின் செவிக்கு எட்டுகின்றன. கேட்டவர்கள் இரு திறத்தினராகின்றனர். நம் மந்த்ரங்களின் பெருமையை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது என்று மகிழ்வார் ஒரு திறத்தினர். தியானத்தில் மூளையின் சில பகுதிகள் அடங்கும்போது 'நான்' என்னும் உணர்வும் மங்குகிறதாம், ஆகவே ஆத்மா என்பது மூளையின் தொழிலேயன்றி வேறில்லை போலும் என்று கலங்குவார் மற்றொரு திறத்தினர்.

அம்மகிழ்ச்சியும் இக்கலக்கமும் ஆராயாமல் கொண்டவையே. கருவி எதை அளந்தது, எதை அளக்கவில்லை என்பது ஒன்று. 'நான்' என்னும் சொல்லின் பொருளை நம் பூர்வாசார்யர்கள் எங்ஙனம் நிர்ணயித்தருளினர் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது இங்கு நோக்கமாகும்.

கருவிகள் கண்டவை

மூளையில் இடையறாது நுண்ணிய மின்னோட்டம் நிகழ்கிறது. தலையின் தோல்மேல் சிறு தகடுகளைப் பொருத்தி அதனை அலைகளாக வரையலாம் என்பதை ஜெர்மனி தேசத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் கண்டு 1929இல் வெளியிட்டார். ஈ.ஈ.ஜி. எனப்படுவது இதுவே. கண்ணை மூடி அமைதியாக இருப்பவனிடத்தில் நொடிக்கு 8 முதல் 13 வரையிலான அலைகள் தோன்றும். அவற்றை ஆல்ஃபா அலைகள் என்பர். திடீரென ஓர் ஓசை கேட்டாலோ ஒளி பட்டாலோ அவை கலையும். புறவிஷயம் உட்புகுந்து மனத்தை அசைத்தது என்பதற்கு அக்கலைவு அடையாளமாகும்.

இதனைக் கொண்டு தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் ஆகிய மூவர் யோகிகளைச் சோதித்து 1961இல் முடிவுகளை வெளியிட்டனர். ஸமாதி பயின்ற நால்வர் முன் வலிய ஒளியும் பேரொலியும் எழுப்பப்பட்டன. சூடான கண்ணாடிக்குழாயும் அவர்கள் மேனியில் படும்படி வைக்கப்பட்டது. தியானத்தில் இல்லாதபோது இவற்றால் கலைந்த ஆல்ஃபா அலைகள், தியானத்தில் இருந்தபோது கலையவில்லை. வேறு இருவர் 4 பாகை குளிர்நீரில் 45 முதல் 55 நிமிஷம் வரை கையை வைத்திருந்தனர். அப்போதும் அலைகள் நிலைபெற்றே நின்றன.

இதற்கு மாறானதொரு முடிவும் உண்டு. ஜப்பானில் கஸமட்ஸு, ஹிராய் என்னும் இருவர் ஜென் பௌத்தத் துறவிகளைச் சோதித்து 1966இல் எழுதினர். ஒரே ஓசையைத் திரும்பத் திரும்ப எழுப்பினால், பிறருக்கு அது பழகிப்போய் அலைகள் கலைவது நின்றுவிடும். அத்துறவிகளுக்கோ ஒவ்வொரு முறையும் முதன்முறை கேட்பதுபோல அலைகள் கலைந்து மீண்டன. புறத்தை மறக்கப் பயின்றவனுக்கு ஒரு பதிவு, புறத்தை விழிப்போடு நோக்கப் பயின்றவனுக்கு வேறொரு பதிவு. தியானம் என்னும் பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று என்பது கருவியாலேயே தெரியவந்தது.

பின்னர், மூளையின் எப்பகுதிக்கு ரத்த ஓட்டம் மிகுகிறது, எப்பகுதிக்குக் குறைகிறது என்பதைக் காந்தப்புலத்தின் துணையால் காணும் எஃப்.எம்.ஆர்.ஐ. முறை 1990க்குப் பின் வழக்கிற்கு வந்தது. அமெரிக்காவில் மார்கஸ் ரெய்க்லியும் அவருடைய குழுவினரும் 2001இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினர். ஒரு வேலையும் இன்றிச் சும்மா இருக்கும்போது மூளையின் சில பகுதிகள் சும்மா இருப்பதில்லை. நெற்றிக்குப் பின்னேயுள்ள நடுப்பகுதியும் பின்புறத்து நடுப்பகுதியும் அப்போதுதான் மிகுதியாகத் தொழிற்படுகின்றன. தன் பழைய கதை, நாளைய கவலை, தன்னைப் பிறர் என்ன நினைப்பர் என்னும் எண்ணம் ஆகியவை ஓடும்போது அப்பகுதிகள் எழுச்சி பெறுகின்றன என்பது பிற ஆய்வுகளாலும் தெரிந்தது. நெடுநாள் தியானம் பயின்றவர்களிடம் இப்பகுதிகளின் தொழில் குறைந்திருக்கக் கண்டதாக யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜட்ஸன் புரூவர் குழுவினர் 2011இல் எழுதினர்.

அதே 2011இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தாரின் ஆய்வொன்றும் வெளிவந்தது. 12 பேரை ஓங்காரத்தை உரக்க நீட்டி உச்சரிக்கச் செய்து மூளையைப் படமெடுத்தனர். ஒப்புநோக்குவதற்காக, பொருளற்ற 'ஸ்ஸ்ஸ்' என்னும் ஓசையையும் அவர்களையே எழுப்பச் செய்தனர். ஓங்காரத்தின்போது அச்சம் முதலிய உணர்ச்சிகளுக்கு இடமான உட்பகுதிகள் அடங்கின. மற்ற ஓசையின்போது அவ்வாறு அடங்கவில்லை. ஓங்காரத்தின் அதிர்வு காதருகே ஓடும் வேகஸ் நரம்பின் கிளையைத் தூண்டுவதால் இது நிகழலாம் என்பது அவர்கள் ஊகம். அதனை முன்னோட்ட ஆய்வு என்றே அவர்கள் பெயரிட்டனர்.

நிலைபெறாத ஒரு பேச்சு

அளந்து பார்த்தபோது நிலைபெறாத பேச்சும் ஒன்றுண்டு. யோகிகள் இதயத்தை நிறுத்தவல்லவர் என்பது அது. பிரெஞ்சு மருத்துவர் தெரேஸ் பிராஸ் 1935இல் இந்தியாவிற்கு வந்து எடுத்த பதிவுகளால் இப்பேச்சு உலகெங்கும் பரவியது. பின்பு வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகியோர் இதனை மறுபடி சோதித்து 1961இல் எழுதினர். அவர்கள் சோதித்தவர்களுள் யோகாசார்யர் திருமலை கிருஷ்ணமாசாரியரும் ஒருவர். 1888இல் ஸ்ரீவைஷ்ணவ குலத்தில் பிறந்து, மைஸூர் அரண்மனையில் யோகம் கற்பித்துப் பின் சென்னையில் வாழ்ந்து 1989இல் பரமபதித்தவர் அவர். மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கும்போது இதயத்திற்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, நாடி கைக்குத் தட்டாமல் போகிறது. இதய ஓசையும் மங்குகிறது. எனினும் இதயம் துடித்துக்கொண்டே இருப்பதை மின்பதிவு காட்டியது.

இதனால் அப்பெரியவரின் வித்வத்துக்கோ யோகப் பயிற்சிக்கோ குறைவு இல்லை. நம் ஸம்ப்ரதாயத்திற்கும் குறைவு இல்லை. ஏனெனில் நம் ஸித்தாந்தம் இத்தகைய ஸித்திகளின்மேல் கட்டப்பட்டதன்று. குருபரம்பரையே இதற்குச் சான்று. நாதமுனிகள் யோக ரஹஸ்யத்தைக் குருகைக் காவலப்பனுக்கு உபதேசித்தார். உய்யக்கொண்டாரோ, உலகத்தார் ஸம்ஸாரத்தில் அழுந்திக் கிடக்கத் தாம் மட்டும் யோகஸுகத்தை அனுபவிப்பது தகாது என்று அதனை வேண்டாதே, திவ்யப்ரபந்தத்தையும் அதன் அர்த்தங்களையும் பெற்றார். ஆளவந்தார் அந்த யோகத்தைப் பெற விரும்பிக் காவலப்பன் குறித்துக் கொடுத்த நாளை, திருவனந்தபுரத்தில் எழுந்தருளியிருந்தபோது தவறவிட்டார். யோக ரஹஸ்யம் அத்தோடு நின்றது. ஸம்ப்ரதாயம் நிற்கவில்லை.

பூர்வபக்ஷம்

இனிப் பூர்வபக்ஷம். தன்னைப் பற்றிய எண்ணம் மூளையின் இன்ன பகுதியில் எழுகிறது. அப்பகுதி அடங்கினால் அவ்வெண்ணமும் அடங்குகிறது. ஆகவே 'நான்' என்பது அப்பகுதியின் தொழில். தொழில் நின்றபோது தொழிலால் உண்டான 'நான்' என்பதும் இல்லை. தியானிகள் 'நான் கரைந்தேன்' என்று சொல்வதும் இதற்கு இசைந்ததே.

இது புதிய பூர்வபக்ஷம் அன்று. தேஹமே ஆத்மா என்ற சார்வாகர்களும், ஞானம் கணந்தோறும் தோன்றி மறைவது, அதற்கு ஆச்ரயமாக ஒருவன் இல்லை என்ற பௌத்தர்களும், 'நான்' என்னும் தோற்றம் மோக்ஷத்தில் ஒழிவது என்றவர்களும் வெவ்வேறு வழிகளில் சொன்னதே இன்று கருவியின் துணையோடு மறுபடி எழுகிறது. ஸமாதானமும் பழைய இடத்திலேயே உள்ளது.

ஸித்தாந்தம்

ஸ்ரீபாஷ்யகாரர் அஹங்காரம் வேறு, அஹமர்த்தம் வேறு என்று பிரித்தருளினார். அஹங்காரம் என்பது மஹத் தத்த்வத்திலிருந்து பிறந்த ப்ரக்ருதியின் பரிணாமம், அசித்து. கீதையின் பதின்மூன்றாம் அத்யாயத்தில் க்ஷேத்ரத்தின் பகுதியாக எண்ணப்பட்டது. 'ச்வி' என்னும் ப்ரத்யயம் சேர்ந்து அமைந்தது இச்சொல் என்று வ்யாகரண முறையாலும் இதனை விளக்கியருளினார். முன்பு அவ்வாறு இல்லாததை அவ்வாறு ஆக்குவதே அந்த ப்ரத்யயத்தின் பொருள். அதன்படி, நான் அல்லாததை 'நான்' என்று ஆக்குவது அஹங்காரம். 'நான் பருத்தவன்', 'நான் இன்ன ஊரான்', 'என்னை அவன் மதிக்கவில்லை' என்று தேஹத்தையும் அதனோடு ஒட்டியவற்றையும் நானாகக் கொள்வது அதன் தொழில். அஹமர்த்தமோ, இவற்றையெல்லாம் அறிகிற ஆத்மாவே. அது தனக்குத் தானே 'நான்' என்று தோற்றுவது. அது ஒழிவது மோக்ஷமாயின், தான் இல்லாமற் போவதற்காக எவன் முயல்வான் என்று பாஷ்யத்தில் வினவப்படுகிறது.

இப்போது கருவிகள் கண்டதை நோக்கலாம். பழைய கதை, நாளைய கவலை, பிறர் தன்னை எண்ணும் எண்ணம் ஆகியவற்றின் ஓட்டமே அப்பகுதிகளில் அடங்கக் காணப்பட்டது. இவை அனைத்தும் அஹங்காரத்தின் தொழிலாக ஆசார்யர்கள் கூறியவையே. அசித்தின் தொழில் அசித்தான மூளையில் பதிவாவதில் வியப்பில்லை. அது தியானத்தில் அடங்குவதும் சாஸ்த்ரத்துக்கு இசைந்ததே. அடங்கியது அஹங்காரத்தின் தொழில். அஹமர்த்தம் அடங்கியதற்கு அப்பதிவில் சான்று இல்லை.

இங்கு ஓர் ஆக்ஷேபம் எழலாம். மூளையில் அடிபட்டால் அறிவே மங்குகிறதே, ஞாதாவான ஆத்மா வேறாயின் இது எங்ஙனம் கூடும் என்னில், தர்மபூதஜ்ஞானத்தைக் கொண்டு ஸமாதானம் சொல்லப்படும். விளக்கும் அதன் ஒளியும் போல, ஆத்மஸ்வரூபமும் அதற்குத் தர்மமான ஞானமும் வேறு. ஸ்வரூபம் சுருங்குவதும் விரிவதும் இல்லை. தர்மபூதஜ்ஞானம் ஸம்ஸார தசையில் கர்மத்துக்கு ஏற்ப, மனஸ்ஸு இந்த்ரியங்கள் என்னும் வாசல்களின் வழியே பரவுகிறது. வாசல் பழுதாயின் பரவுதல் தடைப்படும். சாளரத்தின் கதவு சாத்தப்பட்டால் தெருவுக்கு ஒளி வாராது. அதனால் அகத்தில் விளக்கு அணைந்ததாகாது. ஆகவே மூளைக்கும் அறிவின் பரவுதலுக்கும் உள்ள தொடர்பை மறுக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

உறக்கத்தில் இது அனைவர்க்கும் அனுபவஸித்தம். ஆழ்ந்த உறக்கத்தில் தர்மபூதஜ்ஞானம் முழுதும் சுருங்கி, ஒரு விஷயமும் தோன்றுவதில்லை. எனினும் எழுந்தவன் 'நான் சுகமாக உறங்கினேன்' என்கிறான். 'நான் இல்லாமற் போய்ப் பின் தோன்றினேன்' என்பதில்லை. அப்போதும் அஹமர்த்தம் தனக்குத் தெளிவின்றியேனும் தோன்றியிருந்தது என்பது ஸித்தாந்தம். 'நான் கரைந்தேன்' என்று சொல்லும் தியானிக்கும் இதுவே விடை. கரைந்தவன் திரும்பி வந்து சொல்லுகிறான் என்றால், சொல்பவன் கரையவில்லை. எஞ்சிய நினைவு மூளையின் பதிவே என்னலாம். பதிவு இருக்கலாம், 'அன்று அனுபவித்தவனும் இன்று நினைப்பவனும் நானே' என்று இரண்டையும் இணைக்கும் ப்ரத்யபிஜ்ஞைக்கு ஒரே ஞாதா வேண்டும் என்பது ஆசார்யர்கள் க்ஷணிகவாதியை நோக்கிக் கேட்டது. இவ்வழக்கைக் கருவி தீர்க்காது. இந்த்ரியங்களுக்கு அப்பாற்பட்ட விஷயத்தில் சாஸ்த்ரமே ப்ரமாணம்.

தன்னை மறத்தலும் தன்னை இழத்தலும் ஒன்றன்று என்பதை உத்ஸவங்களிலும் காணலாம். காரைக்கால் பகுதியின் தென்கோடியில் கடலை ஒட்டியுள்ள கீழவாஞ்சூருக்கு வடக்கே திருமலைராயன்பட்டினம் கடற்கரை. அங்கு மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். மீனவர் குலத்து நாச்சியாரை மணந்தவர் என்பதால் பட்டினச்சேரி மீனவர்கள் அவரைத் தங்கள் மாப்பிள்ளையாகவே எதிர்கொள்கின்றனர். அவ்வேளையில் வெயிலும் பசியும் எவர்க்கும் தோன்றுவதில்லை; ஊரும் பேரும் நிலையும் மறக்கின்றன. ஆனால் 'எங்கள் மாப்பிள்ளை' என்னும் உறவு மறப்பதில்லை. அது மட்டுமே மேலோங்கி நிற்கிறது. மறந்தவை அஹங்காரத்தின் பாற்பட்டவை. நின்றது உறவு.

ப்ரணவத்தின் பொருள்

அவ்வுறவைச் சொல்வதே ப்ரணவம். பெங்களூரில் அளக்கப்பட்டது ஓங்காரத்தின் ஒலி. ஒலியால் உடலுக்கு அமைதி உண்டாகிறது என்றால் அது நன்றே, மறுக்க வேண்டுவதில்லை. ஆனால் ரஹஸ்யார்த்தங்களை அருளிச்செய்த ஆசார்யர்கள், திருமந்த்ரத்தில் அர்த்தத்தை அநுஸந்திப்பதையே உயிராகக் கொண்டனர். 'க' முதல் எண்ணிவரின் 'ம' இருபத்தைந்தாம் எழுத்து. தத்த்வங்களை எண்ணிவரின் ஜீவன் இருபத்தைந்தாம் தத்த்வம். ஆகவே மகாரம் ஜீவனைச் சொல்லுகிறது. அகாரம் எம்பெருமானைச் சொல்லுகிறது. அதன்மேல் மறைந்து நிற்கும் நான்காம் வேற்றுமை 'அவனுக்கு' என்னும் பொருளைத் தருகிறது. உகாரம் 'அவனுக்கே, பிறர்க்கு அன்று' என்று தேற்றம் தருகிறது. ஆக, 'நான்' எனப்படுபவன் இருக்கிறான் என்பதோடு, அவன் யாருக்கு உரியவன் என்பதையும் சொல்லி முடிகிறது ப்ரணவம்.

கீழவாஞ்சூரில் 2009 முதல் துறைமுகம் இயங்கி வருகிறது. அத்தகைய துறையில் கப்பலின் பக்கத்தில் எழுதியுள்ள எண்களில் நீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்து, உள்ளே எத்தனை டன் சரக்கு உள்ளது என்று கணக்கிடுவர். சரக்கு இறங்க இறங்கக் கப்பல் எழும், எண் மாறும். அக்கணக்கு மெய்யானது. ஆயினும் அச்சரக்கு யாருக்கு உரியது என்பதை நீர்மட்டம் சொல்லாது, பத்திரமே சொல்லும். மூளையின் அலை ஏறுவதும் இறங்குவதும் நீர்மட்டத்தின் ஸ்தானத்தில் நிற்கின்றன. ஆத்மா யாருக்கு உரியது என்பதற்கு வேதமும் ஆழ்வார்களின் அருளிச்செயலுமே பத்திரம்.

ஜ்ஞாத்ருத்வமும் சேஷத்வமும்

அறிபவனாயிருத்தல், உரியவனாயிருத்தல் ஆகிய இவ்விரண்டில் ஆத்மாவுக்கு எது அந்தரங்கமான லக்ஷணம் என்னும் கேள்வி எம்பெருமானார் காலத்திலேயே எழுந்தது. அதனைத் தெளிந்துவரக் கூரத்தாழ்வானைத் திருக்கோட்டியூர் நம்பியிடம் அனுப்பியதாக ஐதிஹ்யம். நம்பி தர்க்கம் எதுவும் சொல்லவில்லை. திருவாய்மொழி எட்டாம் பத்தில் நம்மாழ்வார் 'நான்' என்ன வேண்டிய இடத்தில் 'அடியேன்' என்று அருளிச்செய்ததைக் காட்டினார். ஞானமும் ஆனந்தமும் ஆத்மாவுக்கு உண்டு. அவற்றிலும் உள்ளானது சேஷத்வம் என்றதாயிற்று. பிள்ளை லோகாசார்யரும் தத்த்வத்ரயத்தில் ஆத்மாவைத் தேஹம், இந்த்ரியம், மனஸ்ஸு, ப்ராணன், புத்தி ஆகியவற்றிலிருந்து பிரித்துக் காட்டி, அதன் தன்மைகளை அடுக்கி வந்து, சேஷமாயிருக்கையில் கொண்டு முடித்தருளினார்.

அறிபவனாயிருத்தல் கருவிக்கு ஓரளவு புலப்படலாம். அறிவின் பரவுதலுக்கு மூளை வாசலாகையால். உரியவனாயிருத்தல் எந்தப் படத்திலும் தோன்றாது. 'நான்' என்பதைவிட்டு 'அடியேன்' என்று சொல்லப் பழகிய ஒருவனது மூளையைப் படமெடுத்தால், அப்பகுதிகள் அடங்கியே இருக்கலாம். ஆனால் அவன் கரைந்துபோக வேண்டி அவ்வாறு சொல்லவில்லை. தன் இருப்பை உடையவனிடம் சேர்ப்பித்துச் சொன்னான்.

அந்திமதசை

இவ்வாராய்ச்சியால் ஆவது என் என்னில், இது வெறும் வாதத்துக்காக அன்று. முதுமையில் நினைவு தேய்ந்து, பெற்ற பிள்ளையின் பெயரும் மறந்து, நாள்தோறும் சொல்லிவந்த திருநாமமும் நாவில் எழாமற் கிடக்கும் பெரியவர்கள் பல அகங்களில் உள்ளனர். 'இவ்வளவு காலம் அநுஸந்தித்ததெல்லாம் வீணாயிற்றோ? மூளையோடு இவரும் போய்விட்டாரோ?' என்று அருகிருப்போர் கலங்குகின்றனர். 'நான்' என்பது மூளையின் தொழிலே என்பது உண்மையாயின், அக்கலக்கத்திற்கு விடையே இல்லை. தியானத்தின் தெளிவே மோக்ஷத்திற்கு உபாயம் என்றாலும் விடையில்லை, தெளிவுதான் போய்விட்டதே.

ஸ்ரீபாஷ்யகாரர் தியானத்தை எண்ணெய் ஒழுக்குப் போல் இடையறாத நினைவு என்று நிர்ணயித்தருளினார். அவ்வொழுக்கை இறுதிவரை காக்கவல்ல மூளை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. இதனை அறிந்தே பெரியாழ்வார், இறுதிக் காலத்தில் இளைத்தபோது நினைக்க வல்லனாகேன் என்று கருதி, அன்று சொல்ல வேண்டியதை முன்னமே திருவரங்கத்து எம்பெருமான் திருமுன்பே விண்ணப்பித்து வைத்தார். வராஹப் பெருமாளும் பூமிப்பிராட்டிக்கு அருளிய சரமச்லோகத்தில் இதற்கே விடை தந்தான். உடலும் மனமும் நன்றாயிருக்கும்போது தன்னை நினைத்தவன், பின்பு கட்டைபோலும் கல்போலும் நினைவற்றுக் கிடக்கையில், அவனைத் தான் நினைப்பதாகவும், தானே மேலான கதிக்கு அழைத்துச் செல்வதாகவும் உரைத்தான்.

கட்டைபோல் கிடப்பவனின் மூளையில் கருவியை வைத்தால் அலைகள் தாழ்ந்தே காணப்படும். அப்பதிவு பொய்யன்று. அவனது அறிவு பரவும் வாசல் அடைபட்டது என்பதே அதன் பொருள். ஆனால் அவன் எம்பெருமானுக்கு உரியவன் என்பதில் அதனால் யாதொரு மாற்றமும் இல்லை. அப்போது நினைக்கும் பொறுப்பு அவனுடையதன்று, உடையவனுடையது. ஆகவே விஞ்ஞானிகள் அளந்து சொல்வதை அளந்த அளவில் ஏற்கலாம். நம் அகத்துப் பெரியவர் நினைவிழந்து கிடக்கையில், அவர் செவியில் திருநாமத்தைச் சொல்லிக்கொண்டிருப்பதும் நம் கடமை. அவர் கேட்டாரோ இல்லையோ என்று ஐயுற வேண்டா. அவரை உடையவன் கேட்கிறான் என்பதே இங்குத் தேறிய அர்த்தம்.